எப்போதும்போல்

இது நீண்ட பதிவு. பொறுமை உள்ளவர்கள் படிக்கலாம். களப்பணி முடிந்து, தரவுகளைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். ஆய்வேட்டின் எந்த இயலிலும் முழுமையாக இடம்பெற வாய்ப்பில்லாத ஒன்றை இங்கே எழுதிவைக்கத் தோன்றியது. வினாநிரலைக் கையில் ஏந்தி முதன்முறையாகக் களத்துக்குப் புறப்படும் மாணவர்களுக்கு ஒருவேளை உதவலாம். இதில் வரும் குடும்பத்தினரிடம் முழுவதையும் மராத்தியில் சொல்லிக்காட்டி, அவர்கள் இசைந்த பின்னரே வெளியிடுகிறேன். அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

என் ஆய்வு, பிம்ப்ரி-சிஞ்ச்வட் தொழிற்பகுதியில் வாகன உதிரிபாகம் செய்யும் தொழிலாளர்களின் பணி அழுத்தத்தையும் மனநலத்தையும் பற்றியது. நான் தங்கியிருப்பது சாங்வியில். பவனா ஆறு முளாவோடு கலக்கும் இடத்தை ஒட்டிய ஊர். அணைகளில் நீர் திறந்துவிட்டால் பழைய சாங்வியின் முளாநகர் மக்கள் மூட்டை கட்டத் தொடங்குவார்கள். கோடையில் ஆற்றை ஆகாயத்தாமரை மூடிக்கொள்ளும், கொசு ஊரை மூடிக்கொள்ளும். விடியற்காலை ஐந்தரைக்குச் சாங்வி ஃபாட்டாவில் நின்றால் ஒரே நிறச் சட்டை அணிந்த இளைஞர்கள் கம்பெனிப் பேருந்துக்காகக் காத்திருப்பதைக் காணலாம். நாசிக் ஃபாட்டா, போசரி, மோஷி வழியாகச் சாக்கன் போய்ச் சேர ஒரு மணி நேரம். நெரிசல் இருந்தால் கணக்கில்லை. அந்த நேரத்துக்குச் சம்பளம் இல்லை என்பதால் எந்த வினாநிரலும் அதைப் பணிநேரத்தில் சேர்ப்பதில்லை.

தொழிலாளரின் மனநலம் என்பது புதிய ஆய்வுப்பொருள் அன்று. ஆர்தர் கோர்ன்ஹவுசர் டெட்ராய்ட் நகரத்துக் கார்த் தொழிற்சாலைத் தொழிலாளர்களை நேர்கண்டு எழுதிய நூல் 1965இல் வந்தது. திறன் குறைந்த, திரும்பத் திரும்பச் செய்யும் வேலையில் இருப்போரின் மனநலம் தாழ்ந்திருந்ததை அவர் காட்டினார். வேலையின் சுமை மிகுந்து, அதைச் செய்யும் முறையில் தனக்கு உரிமை குறைந்தால் மனம் நைகிறது என்று ராபர்ட் கராசெக் 1979இல் வாதிட்டார். போட்ட உழைப்புக்கும் கிடைக்கும் பலனுக்கும் உள்ள இடைவெளியே நோயாகிறது என்றார் யோஹன்னஸ் சீக்ரிஸ்ட், 1996இல். பலன் என்பதில் அவர் கூலியோடு மதிப்பையும் வேலை உறுதியையும் சேர்த்தார். இம்மூவரையும் என் இரண்டாம் இயலில் அடுக்கிவைத்திருக்கிறேன். இந்தியாவைப் பொறுத்தவரை நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16ஆம் ஆண்டுத் தேசிய மனநல ஆய்வைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறோம். அது 12 மாநிலங்களில் நடந்தது. தமிழ்நாடு அதில் உண்டு, மகாராட்டிரம் இல்லை. சாக்கனைப் பற்றிப் பேசும்போது வேறெங்கோ எடுத்த அளவைத்தான் கையில் வைத்திருக்கிறோம்.

என் கையில் இருந்த அளவுகோல் ஜி.எச்.க்யூ-12. டேவிட் கோல்ட்பர்க் இங்கிலாந்தில் உருவாக்கி 1972இல் வெளியிட்ட பெரிய வினாநிரலின் சுருங்கிய வடிவம். பன்னிரண்டு வினாக்கள், ஆறு நேர்மறை, ஆறு எதிர்மறை. அண்மைக் காலத்தில் கவலையால் தூக்கம் கெட்டதா, ஓயாத இறுக்கத்தில் இருப்பதாக உணர்ந்தீர்களா என்ற வகையின. ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள். எதிர்மறை வினாவுக்கு: இல்லவே இல்லை, எப்போதும் இருப்பதைவிடக் கூடுதலாக இல்லை, சற்றுக் கூடுதல், மிகக் கூடுதல். முதல் இரண்டுக்கும் மதிப்பெண் சுழி, பின்னிரண்டுக்கும் ஒன்று. கூட்டிப் பார்த்து மூன்றோ நான்கோ தாண்டினால் கவனிக்க வேண்டியவர் என்று குறித்துக்கொள்கிறோம். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். ஆய்வாளருக்கு அது பெரிய வசதி.

சென்ற ஆண்டு கணபதி விழா முடிந்த மறு ஞாயிற்றுக்கிழமை, சாங்வியில் ஓர் ஒற்றை அறை வீட்டில் அந்தப் படிவத்தை நிரப்பினேன். அவருக்கு வயது முப்பதுக்குள். லாத்தூர்ப் பக்கத்துக்காரர். ஐ.டி.ஐ. முடித்தவர். நான்கு ஆண்டுகளில் மூன்று ஒப்பந்ததாரரின் கீழ், ஒரே தொழிற்சாலையின் ஒரே எந்திரத்தில் வேலை பார்த்தவர். இப்பகுதியில் ஏழு மாத ஒப்பந்தம் என்பது ஏறக்குறைய ஒரு சாதிப்பெயர் போல ஒட்டிக்கொண்டுவிட்டது. 2025 வரை நடப்பில் இருந்த தொழில் தகராறுச் சட்டத்தின்படி பன்னிரண்டு மாதத்தில் 240 நாள் வேலை செய்தால் அது ஓராண்டுத் தொடர்பணி. அந்த நாளை எட்டவிடாமல் ஏழாம் மாதம் வெளியே அனுப்புவார்கள். அதற்கு 'பிரேக்' என்று பெயர். "இப்போது பிரேக்கில் இருக்கிறேன்" என்று இளைஞர்கள் சொல்லும்போது தேநீர் இடைவேளையைச் சொல்வதுபோல் இருக்கும்.

அவர் என்னைத் 'தாயி' என்றழைத்தார். நான் அவரைத் 'தாதா' என்றேன். மராத்தியில் முறையே அக்கா, அண்ணன். எங்கள் ஊரில் தாதா என்றால் யாரென்று அவரிடம் சொன்னபோது நெடுநேரம் சிரித்தார். அவருடைய மனைவி சுவரோரம் அமர்ந்து, மூட்டையிலிருந்து ரப்பர் புஷ்களை எடுத்து, விளிம்பில் துருத்தும் பிசிறைச் சிறு கத்தரியால் நறுக்கிக்கொண்டிருந்தார். அதுவும் வாகனத்துக்குப் போகும் உதிரிபாகம்தான். எண்ணிக் கூலி. பிறகு எழுந்து தேநீர் போட்டார். பன்னிரண்டு வினாக்களுக்கும் அந்த அண்ணன் ஒரே விடையைச் சொன்னார்: "நேஹமீப்ரமாணே." எப்போதும்போல். நான் பன்னிரண்டு கட்டங்களில் குறியிட்டேன். மொத்தம் சுழி. தேநீரைக் குடித்துவிட்டு, நன்றி சொல்லி, அடுத்த வீட்டுக்குப் போனேன்.

ஐந்து வாரம் கழித்து ஒரு நாள் முற்பகல், பழைய சாங்வியின் படித்துறையில் அவரைப் பார்த்தேன். கம்பெனிச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, மடியில் டிஃபன் டப்பா. இரவு முறை முடிந்து வருகிறார் என்று நினைத்து, "ராத்பாளியா, தாதா?" என்று கேட்டேன். இல்லை என்றார். சற்று நேரம் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, பிரேக் கொடுத்து நாற்பது நாளுக்கு மேல் ஆகிறது என்றார். வழக்கமாக இரண்டு மூன்று வாரத்தில் திரும்பக் கூப்பிடுவார்கள், இம்முறை கூப்பிடவில்லை. மனைவிக்குத் தெரியாது. காலையில் வழக்கமான நேரத்துக்குக் கிளம்பி, ஃபாட்டா வரை நடந்து, பேருந்துகள் போவதைப் பார்த்துவிட்டு இங்கே வந்துவிடுகிறார். பன்னிரண்டு மணிக்கு டப்பாவைத் திறந்து சாப்பிடுகிறார். நாலு மணிக்கு மேல் வீடு. கைப்பேசிச் செயலி ஒன்றில் கடன் வாங்கிச் சம்பளத் தேதியில் வீட்டுக்குப் பணம் கொடுத்திருக்கிறார்.

கண்டேநவமியன்றுதான் மிகவும் கடினமாக இருந்தது என்றார். தசராவுக்கு முந்தைய நாள். நம் ஆயுத பூசை. இங்குள்ள தொழிற்சாலைகளில் எந்திரங்களைத் துடைத்து, சாமந்தி மாலை போட்டு, தேங்காய் உடைத்து, தொழிலாளர்களுக்கு இனிப்புப் பெட்டி கொடுப்பார்கள். அவர் அன்று கடையில் அரைக்கிலோ பேடா வாங்கி, கடைப்பெயர் இருந்த அட்டையைக் கிழித்துவிட்டு, வீட்டுக்குக் கொண்டுபோனாராம். "நான்கு வருடம் நான் குங்குமம் வைத்த மெஷின், தாயி. இந்த வருடம் யார் வைத்தார்களோ" என்றார். என்னிடம் அவர் குறைபட்டுக்கொண்டது அந்த ஒன்றுக்காக மட்டுமே.

அறைக்குத் திரும்பி அவருடைய படிவத்தைத் தேடி எடுத்தேன். நாள் கணக்குப் போட்டால், நான் கேட்ட அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வேலையிழந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. அப்போதும் சுழி.

ஆய்வு மாணவர்களுக்கே உரிய அற்பத்தனம் ஒன்று உண்டு. மனம் பதறுவதற்கு முன் மேற்கோள் தேடும். அன்றிரவு நான் செய்தது அதுதான். ஜி.எச்.க்யூவின் இந்தக் குறையை முன்பே கண்டவர்கள் இருக்கிறார்கள். "எப்போதும் இருப்பதைவிடக் கூடுதலாக இல்லை" என்பவர் நலமாகத்தான் இருக்கிறார் என்பதற்கு என்ன உறுதி? ஆண்டுக்கணக்காகத் தூங்காதவருக்குத் தூங்காமைதானே வழக்கம்? குட்சைல்டும் டங்கன்-ஜோன்சும் 1985இல் மாற்று முறை ஒன்றை முன்வைத்தார்கள்: எதிர்மறை வினாக்களுக்கு அந்த விடையைச் சொன்னால் சுழி போடாமல் ஒன்று போடுங்கள் என்று. அப்படிப் போட்டதில் அவருடைய மதிப்பெண் சுழியிலிருந்து ஆறுக்குத் தாவியது. எனக்கு ஏற்பட்ட உணர்வு, வெட்கத்தோடு சொல்கிறேன், மகிழ்ச்சி. இயல் நான்குக்கு நல்ல எடுத்துக்காட்டு கிடைத்துவிட்டது.

அடுத்த முறை படித்துறையில் சந்தித்தபோது இதை அவரிடம் விளக்கினேன். உங்கள் விடை சரியானது, எங்கள் கணக்குத்தான் தவறு என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தாயி, நீங்கள் கேட்டபோது அவள் உங்களுக்குப் பின்னால் டீ போட்டுக்கொண்டிருந்தாள்" என்றார்.

அவ்வளவுதான். பன்னிரண்டு விடைகளும் எனக்குச் சொன்னவை அல்ல. பத்தடி அறையில் வேறெங்கும் போக இடமில்லாத இன்னொருவரின் காதுக்குச் சொன்னவை. நேர்காணல் தனிமையில் நடக்க வேண்டும் என்பது முதுகலை முதலாண்டுப் பாடம். ஒற்றை அறை வீட்டில் மனைவியை வெளியே போகச் சொல்வது மரியாதையில்லை என்று நானே முடிவு செய்து, அந்தக் கட்டத்தில் 'தனிமை: ஆம்' என்று குறித்திருக்கிறேன். வேலையிடத்தில் கேட்டால் மேற்பார்வையாளர், வீட்டில் கேட்டால் வீட்டார், பேருந்தில் கேட்டால் உடன் வருவோர். ஒரு தொழிலாளி தனியாக இருக்கும் இடம் எதுவென்று நான் யோசித்ததே இல்லை. படித்துறையில் அவர் தனியாக இருந்தார். வேலை போனதால் இருந்தார்.

ஆனால் குட்சைல்டின் கணக்கும் வீண் அன்று. "வீட்டில் அவள் இல்லாதிருந்தால் வேறு விடை சொல்லியிருப்பீர்களா?" என்று கேட்டேன். யோசித்தார். தூக்கத்துக்கு மட்டும் அதே விடையைத்தான் சொல்லியிருப்பேன் என்றார். முதல் பிரேக்கிலிருந்தே சரியாகத் தூங்கியதில்லை. ஆறாம் மாதம் தொடங்கினால் இரவு முறை இல்லாவிட்டாலும் மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடும். அதை அவர் துன்பம் என்று எண்ணவில்லை. 'த்ராஸ்' என்ற மராத்திச் சொல்லைக் கடன்காரருக்கும் முழங்கால் வலிக்கும் பயன்படுத்தினார். தூக்கத்துக்கு அந்தச் சொல்லைத் தரவில்லை. கோர்ன்ஹவுசர் இதைத் தொட்டிருக்கிறார். எதிர்பார்ப்பை உயர்த்தி வைத்துக்கொண்டு ஏமாறுவது, அல்லது எதிர்பார்ப்பையே குறைத்துக்கொண்டு அடங்கிப்போவது. தொழிலாளிக்கு இரண்டில் ஒன்றுதான் வாய்க்கிறது என்ற பொருளில் எழுதுகிறார். இரண்டாமவர் என் படிவத்தில் நலமானவராகத் தெரிவார்.

தாபோடியில் வசிக்கும் திருநெல்வேலிக்காரர் ஒருவரை இடையில் சொல்ல வேண்டும். எழுபதுகளில் இங்கு வந்து, நிரந்தரத் தொழிலாளியாக ஓய்வு பெற்றவர். 1989 செப்டம்பரில் ராஜன் நாயர் தலைமையில் டெல்கோத் தொழிலாளர்கள் சனிவார்வாடா முன்னால் உண்ணாநிலை இருந்ததையும், போலீசார் இரவோடிரவாக அவர்களை அப்புறப்படுத்தியதையும் நேற்று நடந்ததுபோல் சொல்வார். அந்தப் போராட்டம் தோற்றது. அவர் என்னிடம், "ஏம்மா, அப்பம்லாம் மனசு கெட்டுப்போனா யூனியன் ஆபீசுக்குப் போயி யார்ட்டயாவது சத்தம் போட்டுட்டு வருவோம். இப்ப இந்தப் பயலுவ யார்ட்ட போயி சத்தம் போடுவான்?" என்றார். பழங்காலம் பொற்காலம் என்று நான் நம்புவதில்லை. அக்காலத்தவரும் குடித்தார்கள், வீட்டில் அடித்தார்கள்; அவருடைய மனைவி அதையும் சொன்னார். ஆனாலும் அந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. சாக்கன் அண்ணனின் சட்டையில் ஒரு கம்பெனியின் பெயர், சம்பளச் சீட்டில் இன்னொன்று. எந்தக் கதவைத் தட்டுவது?

மனைவியிடம் சொல்லிவிடலாமா என்று ஒரு வாரம் அலைக்கழிந்தேன். ஒப்புதல் படிவத்தில் 'தாங்கள் தரும் தகவல் எவரிடமும் பகிரப்படாது' என்று நானே எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்கிறேன். உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் மட்டும் விதிவிலக்கு. அதனால் அதை நேராகவே கேட்டேன். செத்துப்போகலாம் என்ற நினைப்பு வருகிறதா என்று கேட்பதற்குப் பயிற்சி வகுப்பில் கற்ற சொற்கள் எதுவும் அப்போது நினைவுக்கு வரவில்லை, தட்டுத்தடுமாறிக் கேட்டேன். இல்லை என்றார், மகள் பெயரைச் சொன்னார். நான் நம்பினேன். நம்பினாலும் 14416 என்ற எண்ணை அவர் கைப்பேசியில் பதிந்து கொடுத்தேன். 2022 அக்டோபரில் ஒன்றிய அரசு தொடங்கிய டெலி-மானஸ் சேவை. மராத்தியிலும் பேசலாம், தமிழிலும் பேசலாம், கட்டணமில்லை.

பிறகு செய்தவை காகித வேலைகள். இ.எஸ்.ஐ.யில் அடல் காப்பீட்டாளர் நலத் திட்டம் என்று ஒன்று உண்டு. வேலையிழந்தவருக்குச் சராசரி ஊதியத்தில் பாதி, 90 நாள் வரை கிடைக்கும். 2018 முதல் இருக்கிறது. அவர் கேள்விப்பட்டதே இல்லை. காப்பீட்டு எண் ஆயுளுக்கும் ஒன்றுதான் இருக்க வேண்டும். மூன்று ஒப்பந்ததாரர்களும் பழைய எண்ணைக் கேட்காமல் புதிதாக ஒவ்வொன்று பதிந்திருந்தார்கள். நான்காண்டுச் சந்தா மூன்று மனிதர்களின் கணக்கில் சிதறிக் கிடந்தது. எண்களை இணைக்க எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

இதே இ.எஸ்.ஐ.யில் நீண்டகால நோய்களுக்கு நீட்டித்த பயன் உண்டு. 34 நோய்கள் கொண்ட அப்பட்டியலில் மனநோயும் இருக்கிறது: மனச்சிதைவு, உள்ளெழும் மனச்சோர்வு, இருதுருவ நோய், மறதிநோய். அதைப் பெற இரண்டாண்டுத் தொடர்ச்சியான பணி வேண்டும். மூன்று மனிதர்களாகச் சிதறியவருக்குத் தொடர்ச்சி எங்கிருந்து வரும்? வேலையால் வரும் நோய்கள் என்று, 2025 வரை நடப்பில் இருந்த 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை தந்த பட்டியலில் மனநோய் எதுவும் இருக்கவில்லை. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2010இல் திருத்திய தன் பட்டியலில் சேர்த்துவிட்டது. ஆறாம் மாதம் தொடங்கும் தூக்கமின்மை இந்தப் பட்டியல்களில் எதனுள் அடங்கும் என்பதைச் சட்டத்துறை நண்பர்கள் விளக்கினால் கற்றுக்கொள்வேன்.

தீபாவளிக்கு நான்கு நாள் முன்பு அவரே வீட்டில் சொல்லிவிட்டார். மறுவாரம் போனபோது அவர் வெளியே போயிருந்தார். மனைவி மட்டும் ரப்பர் மூட்டையோடு இருந்தார். அவரிடம் நான் எதுவும் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்: "எனக்கு முதல் வாரமே தெரியும், தாயி. சட்டையை நான்தானே துவைக்கிறேன். ஆயில் வாசம் இல்லை." எந்திரத்தில் ஊற்றும் கூலண்ட் எண்ணெயின் நாற்றம் இரண்டு சோப்புக்கும் போகாதாம். அந்தச் சட்டைகள் வெறும் வெயில் வாசத்தோடு வந்தன. தெரிந்ததாகக் காட்டிக்கொண்டால் அவர் கூசிப்போவார் என்று பேசாதிருந்திருக்கிறார். டப்பாவில் மட்டும் ஒரு சப்பாத்தி கூட வைத்திருக்கிறார். நாள் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருப்பவருக்கு அதிகம் பசிக்கும் என்று.

ஆக, அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பின்னால் தேநீர் போட்டவருக்கும் தெரிந்திருந்தது. பன்னிரண்டு முறை "நேஹமீப்ரமாணே" என்று கணவர் சொல்லக் கேட்டுக்கொண்டு சர்க்கரை கலக்கியிருக்கிறார். என் மாதிரிக்கூறில் அவர் இல்லை. தொழிற்சாலை வாயிலுக்குள் நுழைபவரே தொழிலாளி என்று என் முதல் இயலில் வரையறுத்திருக்கிறேன். நாளுக்கு எட்டு மணி நேரம் கார் உதிரிபாகத்தைச் சீர்செய்பவர் அந்த வரையறையில் 'குடும்ப உறுப்பினர்'. அவரிடம் ஒரு வினாகூட நான் கேட்கவில்லை.

என் தந்தை அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டியவர். எப்படிப்பா இருக்கே என்று தொலைபேசியில் கேட்டால் முப்பதாண்டுகளாக ஒரே விடைதான். சென்ற மாதம் கேட்டபோதும் அதைத்தான் சொன்னார். அம்மா அருகில் இருந்திருப்பார்.

தரவைச் சீர்செய்யும் கட்டத்தில் ஒரு நடைமுறை உண்டு. எல்லா வினாவுக்கும் ஒரே விடை சொன்னவர்களின் வரிசைகளைக் கவனமின்றி நிரப்பியவை என்று நீக்கிவிடுவோம். மென்பொருள் அவற்றை மஞ்சள் நிறத்தில் காட்டுகிறது. அவருடைய வரிசையும் அதில் இருக்கிறது. இன்னும் பல இருக்கின்றன. நீக்கவில்லை. வைத்துக்கொள்வதற்கு உரிய புள்ளியியல் நியாயத்தை நெறியாளரிடம் இன்னும் முழுமையாகச் சொல்ல முடியவில்லை. இரண்டு முறையிலும் மதிப்பெண் கணக்கிட்டு இரண்டையும் தருவது என்பது வரை ஒப்புக்கொண்டிருக்கிறார்.

இரண்டாம் சுற்றுக்குப் போகும்போது ஒரு வினாவைக் கூடுதலாகச் சேர்த்திருக்கிறேன். 'எப்போதும்போல்' என்று சொன்னவர்களிடம் மட்டும் கேட்பது: அந்த எப்போதும் எப்போது தொடங்கியது? முன்னோட்டமாகச் சிலரிடம் கேட்டேன். ஊரடங்குக்குப் பிறகு என்றார் ஒருவர். சாக்கனுக்கு வந்ததிலிருந்து என்றார் இன்னொருவர். தங்கையின் திருமணக் கடனிலிருந்து. கைவிரல் போனதிலிருந்து. ஒருவர் மட்டும், அப்படியொரு நாள் இருந்ததா என்று யோசித்துச் சொல்கிறேன், நாளைக்கு வாருங்கள் என்றார். போனேன், இரவு முறைக்குப் போயிருந்தார்.

கண்டேநவமி அண்ணன் இப்போது ரஞ்சன்காவ் பக்கம் வேறொரு தொழிற்சாலையில் இருக்கிறார். நான்காவது ஒப்பந்ததாரர். பழைய காப்பீட்டு எண்ணையே பதியச் சொல்லி வாங்கிவிட்டார். ஆறாம் மாதம் வரும் வைகாசியில் தொடங்குகிறது.

மராத்தி, இந்தி, தமிழ் மூன்றிலும் அந்தக் கூடுதல் வினாவின் வாசகத்தைத் திருத்தித்தரக்கூடிய நண்பர்கள் உள்பெட்டியில் எழுதுங்கள். இந்தியில் 'ஹமேஷா' என்ற சொல் எனக்கு நிறைவாக இல்லை. நேர்காணலை எங்கே வைத்து நடத்துவது என்பது பற்றியும் சொல்லுங்கள். படித்துறையில் மழைக்காலத்தில் உட்கார முடியாது.